இருட்டில் உரசிய தீக்குச்சி

(வானொலிக் கலை குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் 31 ஆண்டு நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன். சிரஸ்தாராக ஓய்வு பெற்றேன். வானொலி பற்றிப் பேச இந்த ஆளை ஏன் கூட்டி வந்தார்கள் என்று முன்வரிசையில் சிலர் யோசிப்பது இங்கிருந்தே தெரிகிறது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அழைத்தவரிடமே கேட்டேன். "எப்போது பார்த்தாலும் அந்த வெள்ளைக்காரன் நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தடவை மேடையில் பேசித் தீர்த்துவிட்டால் எங்களுக்கு விடுதலை" என்றார். அவருடைய விடுதலையின் பொருட்டு இன்று நீங்கள் சிறைப்பட்டிருக்கிறீர்கள்.

நான் பேசப்போவது ஒரே ஓர் அரைமணி நேரத்தைப் பற்றி. 1954 அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை. பி.பி.சி.யின் ஹோம் சர்வீஸில் ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சி. தொடரின் பெயர் தி கூன் ஷோ. நம் காதில் முதுகு வளைந்தவர் யாரோ வருவதுபோல விழும். அது அல்ல. பாப்பாய் கேலிச்சித்திரக் கதைகளில் வரும் ஒரு விசித்திரப் பிராணியின் பெயர் அது. பி.பி.சி. அதிகாரிகளுக்கும் அந்தப் பெயர் பிடிபடவில்லை. 1951 மே மாதம் தொடங்கியபோது கிரேசி பீப்பிள் என்று வேறொரு பெயர் சூட்டித்தான் அனுமதித்தார்கள். 'கோ ஆன் ஷோ என்று ஏதோ நடக்கிறதாமே, அது என்ன?' என்று ஓர் உயர் அதிகாரி விசாரித்ததாக ஒரு கதை உண்டு. மேலதிகாரிகளோடு பழகியவன் என்பதால் நான் அந்தக் கதையை அப்படியே நம்புகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியின் தலைப்பைத் தமிழில் சொல்வதென்றால், 'பெக்ஸ்ஹில் கடற்கரையின் பயங்கர மாவுப் புட்டிங் வீச்சாளன்' என்று சொல்லலாம். மாவுப் புட்டிங் என்றால் இனிப்பு அல்ல. கோதுமை மாவு, முட்டை, பால் மூன்றையும் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, சுடுகொழுப்பு ஊற்றிய தட்டில் விட்டு, அடுப்புக்குள் வைத்தால் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று எழும்பி வரும் பண்டம். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியோடு சாப்பிடுவார்கள். எறிவதற்கு ஏற்ற பொருளே இல்லை. இருட்டில் யாரோ ஒருவன் அதை எறிகிறான். அதுதான் கதை.

காலம் 1941. இடம் இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸ் பகுதியிலுள்ள பெக்ஸ்ஹில். விளக்கணைப்பு உத்தரவு அமலில் இருக்கிறது. ஹென்றி கிரன், மின்னி பானிஸ்டர் என்ற இரண்டு கிழங்கள் கடலோரச் சாலையில் தள்ளாடி நடந்து வருகிறார்கள். திடீரென்று பொத்தென ஒரு சத்தம். மின்னிக் கிழவியின் மேல் மாவுப் புட்டிங் விழுந்துவிட்டது. விசாரிக்க நெட்டி சீகூன் வந்து சேர்கிறார். இந்தத் தொடர் முழுவதும் இவர்தான் கதாநாயகன். உருண்டையான உடம்பு, ஓங்கிய குரல், எதையும் நம்பிவிடும் மனசு, தேசபக்தி நிறைய, புத்தி கொஞ்சம்.

இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தீக்குச்சி கிழித்தால் பார்க்கலாம். கிழிக்கலாமா? விளக்கணைப்பு உத்தரவு இருக்கிறதே. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் பிரெஞ்சுக் கரையில் ஜெர்மானியப் பீரங்கிகள் இருக்கின்றனவே. ஒரே ஒரு தீக்குச்சி அவ்வளவு தூரம் எப்படித் தெரியும் என்கிறது ஒரு குரல். கிழிக்கிறார்கள். சர்ரென்று உரசும் ஓசை. அடுத்த கணம் சீறிக்கொண்டு வந்து வெடிக்கின்றன குண்டுகள். புகை அடங்கியதும் விவாதம் தொடர்கிறது. ஒரு புதிய யோசனை பிறக்கிறது. ஜெர்மன் தீக்குச்சி கைவசம் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் அதைக் கிழிப்போம், தங்கள் நாட்டுத் தீக்குச்சியைப் பார்த்து ஜெர்மானியர் சுட மாட்டார்கள் அல்லவா? நியாயம்தானே? கிழிக்கிறார்கள். மறுபடியும் குண்டு மழை. இந்தத் தடவை சுட்டது பிரிட்டிஷ் பீரங்கி.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன். என் பேச்சில் பாதி இந்தத் தீக்குச்சியைப் பற்றித்தான்.

முதலாவதாக, இதில் பைத்தியக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். யாரும் முட்டாள்தனமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து ஒழுங்காக வருகிறது. எதிரி வெளிச்சத்தைப் பார்த்தால் சுடுவான். தன் ஆளைச் சுடமாட்டான். ஆகவே அவனுடைய தீப்பெட்டியைப் பயன்படுத்து. இப்படிக் குறிப்பெழுதி மேலே அனுப்பினால் கையெழுத்தாகித் திரும்பி வரக்கூடிய தர்க்கம் இது. தீக்கொழுந்தின்மேல் எந்த நாட்டு முத்திரையும் கிடையாது என்ற ஒன்றைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதைவிட மோசம், பீரங்கிகளும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜெர்மன் குச்சி என்று பிரிட்டிஷ் பீரங்கிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. விதியை விதியின் சொற்படியே கடைசிவரை நடத்திப் பார்க்கிறார் எழுதியவர். நீதிமன்ற அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இது அபத்த நாடகமாகவே படவில்லை. வேலை நாள் மாதிரி இருந்தது.

இரண்டாவது, இந்தத் தீக்குச்சி வானொலியில் மட்டுமே எரியும். மேடையில் செய்து பாருங்கள். விளக்கை அணைத்தால் அவையோர் எதையும் பார்க்க முடியாது. அணைக்காவிட்டால் இருட்டு என்பதே பொய். திரைப்படத்தில் நீல வெளிச்சம் பூசி இரவு என்பார்கள். வானொலியில் இருட்டை உண்டாக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேட்பவன் ஏற்கெனவே இருட்டில்தான் இருக்கிறான். அந்த இருட்டுக்குள் சர்ரென்று ஓர் உரசல் கேட்டதும் அவன் மண்டைக்குள் வெளிச்சம் வருகிறது. அந்த ஒரு கண வெளிச்சத்தில் இரண்டு கிழங்களின் முகம், கடல், இரும்புக் கம்பி வேலி எல்லாம் தெரிந்துவிடுகின்றன. உடனே குண்டு. வெளிச்சத்தைப் பார்த்துவிட்ட குற்றத்தில் நமக்கும் பங்கு இருப்பதுபோல ஒரு திடுக்கிடல். 1963-இல் இந்தக் கதைகளில் சிலவற்றைப் பொம்மைகளை வைத்துத் தொலைக்காட்சிக்கு எடுத்தார்கள். குரல்கள் அதே நடிகர்களுடையவை. ஆனால் கண்ணுக்கு ஒரு பொம்மையைக் கொடுத்தவுடன் காது தூங்கப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். மூன்று பேர் சேர்ந்து அத்தனை குரல்களையும் பேசினார்கள். மில்லிகன் ஒருவர். அசட்டு எக்கில்ஸ், மொரியார்ட்டி என்ற தேய்ந்துபோன வில்லன், மின்னிக் கிழவி மூன்றும் அவர் குரல். பீட்டர் செல்லர்ஸ் இரண்டாமவர். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற திரைநடிகர். ஹென்றி கிரன் கிழவர், மேஜர் பிளட்நாக், புளூபாட்டில் என்ற கீச்சுக்குரல் பையன் என்று அவரிடமிருந்து ஒரு தெருவே வெளியே வரும். அந்தப் புளூபாட்டில் தனக்கு எழுதிக்கொடுத்த நாடகக் குறிப்புகளையும் சேர்த்து உரக்கப் படிப்பான். இடதுபக்கமாக நுழைகிறான், கைதட்டலுக்காகக் காத்திருக்கிறான், கைதட்டல் வரவில்லை என்று. வாரம் தவறாமல் வெடித்துச் செத்துப்போவான். செத்ததைப் பற்றிக் குறையும் சொல்வான். மூன்றாமவர் வேல்ஸ் நாட்டு ஹாரி சீகம். நல்ல பாடகர். அவர்தான் நெட்டி சீகூன். தொடக்கத்தில் மைக்கேல் பென்டைன் என்று நான்காவது ஆள் ஒருவரும் இருந்தார்; இரண்டு தொடர்களுக்குப் பிறகு விலகிவிட்டார்.

பெக்ஸ்ஹில் என்று ஏன் வைத்தார்? ஊர்ப் பெயரில் ஒரு வேடிக்கை ஒலி இருக்கிறது, அதனால்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தவறு. 1940-இல் பட்டாளத்துக்கு அழைப்பு வந்தபோது மில்லிகன் போய்ச் சேர்ந்த ஊர் பெக்ஸ்ஹில். 56-ஆவது கனரகப் பீரங்கி ரெஜிமென்டின் டி பேட்டரி அங்கேதான் இருந்தது. டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த சமயம். ஜெர்மானியர் இன்றைக்கு வருவார்களா நாளைக்கு வருவார்களா என்று தென்கரை முழுவதும் கண்ணிவெடியும் முள்கம்பியுமாகக் காத்திருந்தது. காத்திருக்கக் காரணமும் இருந்தது. ஹிட்லரின் படையிறக்கத் திட்டத்தில் பெக்ஸ்ஹில்லுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடைப்பட்ட கடற்கரை ஓர் இறங்குதளமாகவே குறிக்கப்பட்டிருந்தது. 1066-இல் நார்மன் வில்லியம் வந்து இறங்கிய பெவன்சி பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தைப் பிடிக்க வருபவர்களுக்குப் பழக்கப்பட்ட வழி அது.

அந்த வழியைக் காக்க மில்லிகனின் பேட்டரிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது முதல் உலகப் போர்க்காலத்து 9.2 அங்குல ஹோவிட்சர் பீரங்கி. பீரங்கி இருந்தது, குண்டு இல்லை. குண்டு இல்லாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட முடியுமா? உத்தரவு உத்தரவுதானே. குறி பார்த்தார்கள், கோணம் திருப்பினார்கள், நகர்வுகளை எல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள். சுட வேண்டிய கணம் வந்ததும் பீரங்கியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் 'டமால்' என்று கத்தினார்கள். 1971-இல் வெளியான போர்க்கால நினைவுக் குறிப்பில் மில்லிகன் இதை எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தில் அவர் எங்கே விளையாடுகிறார், எங்கே உள்ளதைச் சொல்கிறார் என்று பிரிப்பது சில இடங்களில் சிரமம். இந்த இடத்தில் சிரமமில்லை. அன்றைய பிரிட்டனில் ஆயுதத் தட்டுப்பாடு அப்படித்தான் இருந்தது. டன்கர்க்கில் விட்டுவிட்டு வந்த பீரங்கிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜெர்மானியப் படை வருமென்று நடுங்கிக்கொண்டிருக்கும் கடற்கரை. பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் வரிசையாக நின்று கடலைப் பார்த்து 'டமால்' என்கிறார்கள். பொருள் இல்லை, ஒலி மட்டும் இருக்கிறது. வானொலி நாடகத்துக்கு வேறு இலக்கணம் தேவையா? பி.பி.சி.யின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைவதற்குப் பத்தாண்டு முன்பே அந்த மனிதருக்கு வானொலி நாடகம் நடத்தும் பயிற்சியை ராணுவம் கொடுத்துவிட்டது.

அதே ஊரில் அவர் இன்னொன்றும் செய்தார். டிரம்பெட் வாசித்தார். பேட்டரியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஜாஸ் குழு வைத்திருந்தார்கள். கடலோரத்தில் 1935-இல் திறக்கப்பட்ட டி லா வார் பெவிலியன் என்ற அரங்கம் இருக்கிறது. கண்ணாடியும் எஃகும் கான்கிரீட்டுமாக, கரையில் வந்து நின்ற கப்பல்போல இருக்கும். அதை வரைந்த இருவரில் ஒருவரான எரிக் மெண்டல்சோன் ஜெர்மனியிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர். ஜெர்மானியர் வருவார்கள் என்று ஊர் பயந்துகொண்டிருந்த காலத்தில் ஊரின் மிக அழகான கட்டடம் ஒரு ஜெர்மானியர் வரைந்தது. தீப்பெட்டி நகைச்சுவையை நினைத்துக்கொள்ளுங்கள். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

நாடகத்தில் சீகூன் புட்டிங் வீச்சாளனைத் தேடிப் போகிறார். சந்தேகம் ராணுவ முகாம் பக்கம் திரும்புகிறது. அங்கே மேஜர் பிளட்நாக். பிறகு படைக்கு வெளிநாடு செல்ல உத்தரவு வருகிறது. எல்லோரும் கப்பலேறி வட ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறார்கள். ஒரு புட்டிங் வீச்சாளனைப் பிடிக்க எதற்கு ஆப்பிரிக்கா? கதைக்காகப் பார்த்தால் எந்த அவசியமும் இல்லை. ஆனால் மில்லிகனின் பேட்டரி பெக்ஸ்ஹில் பகுதியிலிருந்து கிளம்பி, கப்பலேறி, 1943 ஜனவரியில் அல்ஜியர்ஸில் போய் இறங்கியது. கதை எழுதியவர் வரைபடம் தேடவில்லை. தான் போன வழியிலேயே புட்டிங்கை அனுப்பிவிட்டார். நம்ப முடியாததை எழுதுகிறவர்கள்தான் ஊர், தேதி, பாதை விஷயத்தில் பொய்யே சொல்வதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வட ஆப்பிரிக்காவில்தான் அவர் சீகமைச் சந்தித்தார். மேட்டில் நிறுத்தியிருந்த ஒரு ராட்சத ஹோவிட்சர் பிடி நழுவி உருண்டு, கீழே இன்னொரு பிரிவு தங்கியிருந்த இடத்தின் அருகில் விழுந்தது. சற்று நேரத்தில் ஓர் ஆள் இருட்டில் வந்து, இந்தப் பக்கம் பீரங்கி ஏதாவது கண்ணில் பட்டதா என்று விசாரித்தான். உள்ளே இருந்தவன் என்ன நிறம் என்று கேட்டான். வெளியே நின்றவர் மில்லிகன், உள்ளே இருந்தவர் சீகம். இருவருமே வாழ்நாள் முழுவதும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லும்போதெல்லாம் விவரம் கொஞ்சம் மாறும், நிறம் மட்டும் கடைசிவரை தெரியவரவில்லை.

இத்தாலியில் கதை சிரிப்பாக இல்லை. 1944 ஜனவரியில் மான்ட்டே கசீனோவுக்கான சண்டையில் மார்ட்டர் குண்டு விழுந்து மில்லிகன் காயப்பட்டார். காலில் பட்ட காயம் ஆறிவிட்டது. குண்டுச் சத்தம் ஆறவில்லை. சத்தம் கேட்டாலே நடுக்கம், அழுகை. பதவி இறக்கம் செய்து பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அதன்பின் ஆயுள் முழுவதும் மனநோய் அவரை விட்டு விட்டுத் தாக்கியது. கூன் ஷோவின் மூன்றாவது தொடர் நடந்துகொண்டிருந்த 1952-இன் கடைசியில் அவர் உடைந்துபோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வாரம் ஒரு நாடகம் எழுத வேண்டும். ஆண்டுக்கு இருபதுக்கும் மேல். லாரி ஸ்டீபன்ஸ், எரிக் சைக்ஸ் போன்றவர்கள் அவ்வப்போது கைகொடுத்தாலும் சுமை பெரும்பாலும் அவர் தலையில்தான். இப்போது இந்தத் தொடரை மறுபடி கேளுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதோ வெடிக்கிறது. வெடிச்சத்தம் தாங்க முடியாத ஒரு மனிதர், வாராவாரம் உட்கார்ந்து தாளில் 'பெருவெடி' என்று எழுதுகிறார். வெடித்ததும் யாராவது ஒருவர் வலியைப் பற்றிச் சொல்லாமல் சின்னதாக ஒரு சந்தேகம் கேட்கிறார். பெக்ஸ்ஹில்லில் குண்டு இல்லாமல் 'டமால்' என்று கத்திய நாட்களுக்கு அவர் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார் என்று நான் நினைக்கிறேன். மருத்துவர்கள் வேறு சொல்லலாம்.

ஒலியைப் பற்றி இவ்வளவு சொன்னபின் அதைச் செய்தவர்களைச் சொல்லாமல் விடக்கூடாது. பீட்டர் ஈட்டன் அந்தக் காலத் தயாரிப்பாளர். வானொலி நாடகப் பகுதியில் பழகி வந்தவர். ஒலி விளைவுகள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இசைத்தட்டுகளில் பதிந்த சத்தங்களைச் சுழல்மேடைகளில் ஊசி வைத்து நேரத்துக்கு ஒலிக்க விடுவார்கள். கதவு, காலடி, கண்ணாடி உடைவது போன்றவற்றைக் கூடத்திலேயே கையால் செய்வார்கள். ஊசி அரைக் கணம் தவறினால் சிரிப்பு போயிற்று. பார்வையாளர் முன்னால் பதிவு நடக்கும். இடையிடையே மாக்ஸ் கெல்ட்ரேயின் மவுத் ஆர்கன், ரே எலிங்டன் குழுவின் பாட்டு. வாலி ஸ்டாட்டின் வாத்தியக் குழு. இந்தக் குழுவை நான் ரொம்ப மதிக்கிறேன். மேலே என்ன கூத்து நடந்தாலும் அவர்கள் பெரிய சரித்திரப் படத்துக்கு வாசிப்பதுபோல முகத்தை மாற்றாமல் வாசித்தார்கள்.

கஸ்டர்டு கதை ஒன்று உண்டு. காலுறைக்குள் கஸ்டர்டை நிரப்பிப் பலகையில் அறைந்தால் எழும் சத்தம் வேண்டும் என்று மில்லிகனுக்கு ஆசை. பி.பி.சி. உணவகத்தில் போய் கஸ்டர்டு கேட்டார். சமையல்காரம்மா பாசத்தோடு புதிதாகச் செய்து கொடுத்தார். அந்த அம்மாளின் கண் முன்னாலேயே காலுறையைக் கழற்றி அதில் ஊற்றிக்கொண்டு போனாராம். அறைந்து பார்த்தால் அவர் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. உண்மையான கஸ்டர்டு, உண்மையான காலுறை, ஆனால் சத்தம் உண்மைபோல் இல்லை. வானொலிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மழைக்கு மழைச் சத்தம் ஒத்துவராது, எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் ஒத்துவரும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. எறியப்பட்ட பொருள் ஏன் புட்டிங் என்று பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் பிரிட்டனில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. அதுவும் கிடைத்தால். மற்றபடி தகர டப்பாவில் வரும் முட்டைப் பொடி. உணவை வீணாக்குவது தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. போர் முடிந்த பிறகும் பங்கீடு முடியவில்லை. 1954 ஜூலை 4-இல்தான் இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கி ரேஷன் ஒழிந்தது. நம் நாடகம் ஒலிபரப்பானது அதற்குப் பிறகு மூன்றே மாதத்தில். பதினாலு வருடம் கூப்பன் வெட்டிக் கொடுத்துச் சாப்பிட்ட ஜனங்கள் கேட்கிறார்கள்: ஒருவன் மாவும் முட்டையும் பாலும் போட்டு, கேஸ் எரித்துச் சுட்டு, சாப்பிடாமல் கிழவி மேல் எறிகிறான். அவர்களுக்கு அது வெறும் குறும்பாகப் பட்டிருக்காது. கொள்ளையைவிடப் பெரிய குற்றமாகப் பட்டிருக்கும். அத்தனை வருடப் பசிக்கு ஒரு பழிவாங்கலாகவும் இனித்திருக்கும். தீக்குச்சியும் அப்படித்தான். விளக்கணைப்பு நாட்களில் ஜன்னல் திரையில் ஒரு கீற்று வெளிச்சத்துக்காக அபராதம் கட்டியவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நமக்குக் கற்பனை, அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய தெரு.

இவற்றையெல்லாம் அறிவித்தவர் வாலஸ் கிரீன்ஸ்லேட். பி.பி.சி.யின் உண்மையான அறிவிப்பாளர், செய்தி வாசிப்பவர். 1940-இல் செய்தி வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி வாசிக்கத் தொடங்கினார்கள். ஜெர்மானியர் போலிக் குரலில் பொய்ச் செய்தி பரப்பினால் மக்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக. அந்த அளவுக்கு நம்பிக்கைக்கு உரிய குரல் வரிசையில் வந்த ஒருவர், புட்டிங் வந்து விழுந்ததை அதே நிதானத்தோடு அறிவிக்கிறார். அவர் ஒரு தடவை சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

மில்லிகன் பிறந்தது அகமதுநகரில், 1918-இல். அப்பா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த ஐரிஷ்காரர். புனாவிலும் ரங்கூனிலும் வளர்ந்து, 1930-களில்தான் இங்கிலாந்து போனார். மேஜர் பிளட்நாக்கை அந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். கன்டோன்மென்ட் மேஜர். பட்டாளத்துப் பணத்தைக் களவாடுபவர், குண்டு விழுமுன் படுத்துக்கொள்பவர், காரம் சாப்பிட்டு வயிறு கெட்டு அலறுபவர். அந்த வயிற்று ஓசையைச் செய்து கொடுக்க, 1958-இல் தொடங்கப்பட்ட பி.பி.சி. ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பே உழைத்தது. சாம்ராஜ்யத்தின் வயிற்றுப்போக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். சிறுவனாகக் கீழிருந்து பார்த்த துரைகளை அவர் மறக்கவில்லை.

ஆனால் ஒன்றையும் மறைக்க மாட்டேன். லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியப் பாத்திரங்கள் தொடரில் வருவதுண்டு. செல்லர்ஸும் மில்லிகனும் தலையை ஆட்டிக்கொண்டே பேசுவது காதுக்கே தெரியும். சில இடங்களில் அந்த இருவரும் வெள்ளைக்காரர்களைவிடப் புத்திசாலிகள். பல இடங்களில் உச்சரிப்பு ஒன்றே நகைச்சுவை, வேறொன்றுமில்லை. ரே எலிங்டனின் நிறத்தைத் தொட்டுச் சொன்ன துணுக்குகளும் அப்படியே. அன்று கூடத்தில் கேட்ட சிரிப்பு ஒலிநாடாவில் பத்திரமாக இருக்கிறது. இன்று கேட்டால் அந்தச் சிரிப்புத்தான் உறுத்துகிறது. புட்டிங் நாடகத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இனி முடிவுக்கு வருகிறேன், அதாவது நாடகத்தின் முடிவுக்கு. கப்பல் போய்விட்டது. நடுக்கடலில் ஒரு படகு. அதில் சீகூன். கூடவே மொரியார்ட்டி. ஒரு கேஸ் அடுப்பும் இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். புட்டிங் வீசியவன் மொரியார்ட்டிதான் என்று சீகூன் கண்டுபிடித்துவிட்டார். சாட்சியமும் கையில் இருக்கிறது. அடுப்புக்குள் ஒரு மாவுப் புட்டிங். நாட்கள் நகர்கின்றன, உணவு தீர்கிறது. மீதி இருப்பது அந்தப் புட்டிங் மட்டும். தின்றால் உயிர் பிழைக்கலாம், ஆனால் வழக்கு போய்விடும். தின்னாவிட்டால் வழக்கு நிற்கும், நடத்த ஆள் இருக்காது. கிரீன்ஸ்லேட் வந்து நேயர்களிடமே கேட்கிறார், இவர்கள் என்ன செய்யலாம் என்று. பதில் வராது என்று அவருக்குத் தெரியும். சுபமான முடிவு இல்லாவிட்டால் தூக்கம் வராதவர்களுக்காக, அவர்களைச் செல்லமாகத் திட்டிவிட்டு, தனியாக ஒன்றைத் தருகிறார். சீகூன் காதல் ததும்ப, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறார். மேஜர் பிளட்நாக் சம்மதிக்கிறார். வாத்தியக் குழு முழங்குகிறது.

முதல் தடவை கேட்டபோது நான் பணியில் இருந்தேன். சான்றுப் பொருள்களுக்கான அறைச் சாவி என் இடுப்பில் இருந்த காலம். எங்கள் பாஷையில் எம்.ஓ. 1, எம்.ஓ. 2 என்று சீட்டு ஒட்டி அடுக்கி வைப்போம். கத்தி, சைக்கிள் செயின், ஒரு தடவை அரை மூட்டை மிளகாய். மிளகாய் வழக்கு ஆறு வருடம் நடந்தது. கடைசி நாளன்று பெட்டியைத் திறந்தபோது பொருள் இல்லை, சீட்டு மட்டும் இருந்தது. எலி தின்றிருந்தது. சீட்டைக் காட்டி, 'இது அன்று கைப்பற்றியதுதானா?' என்று கேட்டார் வக்கீல். 'ஆமாம்' என்றார் சாட்சி. பதிவும் ஆயிற்று.

ஆகவே நடுக்கடலில் இருக்கும் அந்த இருவருக்கும் என் தொழில்முறை ஆலோசனை இதுதான். விரைவில் கெட்டுப்போகக்கூடிய பொருளை, வேண்டிய சாட்சியத்தைப் பதிந்துகொண்டு, வழக்கு முடியுமுன்பே அப்புறப்படுத்த, 2024 வரை நடப்பில் இருந்த நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தந்தது. பிரிட்டிஷ் கடலில் அது செல்லுமா என்பது வேறு விஷயம். புட்டிங்குக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். எம்.ஓ. 1 என்று போடுங்கள். இருவரும் கையெழுத்திட்டு, சீட்டைப் பத்திரமாக அடுப்புக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஆளுக்குப் பாதியாகச் சாப்பிடுங்கள்.

ஓரத்தை எனக்கு வைக்கச் சொல்லியிருப்பேன். வெளியே காபி தயாராகிவிட்டதாகக் கைகாட்டுகிறார்கள்.